தங்கையாவின் பிக்கப் குடித்த டீசல்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் வந்து கேட்கக்கூடாது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கிற மாடிவீட்டில் எனக்குக் கீழ்த்தட்டில் இருக்கிற மனிசன் தந்த கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மேலே ஏறி வந்தான். எத்தனையோ வருசமாக ஒரே படியில் ஏறி இறங்குகிறோம், ஒரு நாளும் என் வீட்டுக்குள் வந்ததில்லை. வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு, "அண்ணே, நீங்க பேப்பருக்குக் கதை எழுதுறதாமே. ஒரு கதை இருக்கு. பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றான்.

சும்மா கதை தருகிறவனை நான் நம்புகிறதில்லை. மீன் வாங்கும்போது ஒருவன் கேட்காமலே இன்னொரு மீனைத் தூக்கிப் பையில் போட்டால், அதைத்தானே முதலில் மணந்து பார்க்கிறோம்.

பேரை மாற்றிவிட்டேன். அவனுக்குத் தங்கையா என்று வைத்திருக்கிறேன். அவனுடைய மனைவி மேனகா. மேனகாவின் தம்பி ஜெனிஸ்டன். டயர்க்கடை நிலாம் மட்டும் மாற்ற வேண்டாம் என்றான். "என்ட பேரயே போடுங்க, யாவாரத்துக்கு நல்லம்." ஆக நாலு பேர். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் எனக்கே குழம்பும்.

தங்கையா சொன்னதை அப்படியே எழுதினால் தங்கையா நல்லவனாகத்தான் வருவான். தன் கதையைச் சொல்கிறவன் முகம் கழுவித் தலை சீவித்தான் கொண்டுவருவான். அதனால் மேனகாவையும் நிலாமையும் தனித்தனியே கேட்டேன். ஜெனிஸ்டனைக் கேட்கவில்லை. ஏன் என்று போகப்போக விளங்கும். விளங்காவிட்டால் அது என் பிழை.

2.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல எழுந்துகொண்டிருந்த வேளையில், கருவாட்டு வாசம் வீசும் தன் பிக்கப்பை"

விட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகம் இருக்கிறது மேற்கே. சூரியன் அங்கே எழும்பாது. இப்படி எழுதினால் பத்திரிகைக்காரன் போட்டிருப்பான், அது வேறு விசயம்.

"வாழ்க்கை என்பது ஒரு நெடும் பயணம். அதில் தங்கையா"

வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதையை நானே வாசிக்கமாட்டேன்.

மூன்றாவது: "பிக்கப் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவில்லை." இதில் ஒரு அழகும் இல்லை. ஆனால் இதுதான் நடந்தது. இதோடு போவோம்.

பிக்கப் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவில்லை. அதே மொடல், அதே எஞ்சின், அதே ரோட்டில் ஓட்டுகிற மற்ற ஆட்களுக்குப் பன்னிரண்டு ஓடியது. தங்கையாவுக்குத் தொழில் கருவாடு. கற்பிட்டியில் ஏற்றிவந்து புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைக் கடைகளுக்கும் போடுவான். பழைய வாகனம் இனி ஏலாது என்று படுத்துவிட்டபோது, பாமன்கடையில் ஒரு பொடியன் கனடா போகிற அவசரத்தில் விற்ற இந்தப் பிக்கப்பை வாங்கினான். பொடியன் அதைச் செல்லம் கொடுத்து வளர்த்திருந்தான். அடியை உயர்த்தி, கொம்பனி போட்ட டயரைக் கழற்றிவிட்டு இடுப்புயரத்துக்குப் பெரிய டயர் போட்டு, முன்னுக்கு இரும்புக் காப்பு, கூரையில் விளக்கு வரிசை, வாய் அகன்ற சைலன்சர். யானைக் காட்டுக்குப் போகிற வாகனம் போல இருக்கும். பொடியன் அதில் ஆகத் தூரம் போனது கல்கிசைக் கடற்கரைக்கு என்று நிலாம் சொன்னான். தங்கையா அதில் கருவாட்டுப் பெட்டி ஏற்றினான்.

(மேனகா சொன்னது: முதல்நாள் வாகனத்தைக் கொண்டுவந்து வாசலில் நிற்பாட்டியபோது, "ஏறுறதுக்கு ஏணியும் தந்தவனோ?" என்று அவள் கேட்டாளாம். தங்கையா இதை எனக்குச் சொல்லவில்லை.)

3.

டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கத் தங்கையாவுக்கு ஒரே ஒரு வழி தெரியும். பிழையான வழி இல்லை. டாங்கியைக் கழுத்து மட்டும் நிரப்பி, மீற்றரைப் பார்த்துக்கொள்வான். கற்பிட்டி போய்த் திரும்பி வந்ததும், அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில், திரும்பவும் கழுத்து மட்டும் நிரப்புவான். போன டீசலால் ஓடின தூரத்தைப் பிரிப்பான். பம்ப் அடிக்கிறவன் அவசரப்பட்டு நுரையோடு நிறுத்தினால் விடமாட்டான். நுரை அடங்கும் வரை நின்று, இன்னும் கொஞ்சம் விடச் சொல்வான். பின்னால் நிற்கிற முச்சக்கரவண்டிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். தங்கையா திரும்பியும் பார்க்கமாட்டான்.

கணக்கு ஒவ்வொரு முறையும் ஒன்பதில் வந்து நின்றது.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கூரை விளக்கைக் கழற்றினான். காற்று வடிகட்டி மாற்றினான். இன்ஜெக்டரைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தான். டயருக்குக் காற்றுக் கூட்டினான், ஆசனம் குதிக்கத் தொடங்கியதும் குறைத்தான். பஞ்சிகாவத்தையில் ஒருவன் டீசல் குழாயில் கட்டுகிற காந்தம் ஒன்று விற்றான், டீசல் அதற்குள்ளால் போனால் நல்லாக எரியுமாம். அதையும் வாங்கிக் கட்டினான். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியது. டீசலுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

* இந்த இடத்தில் எஞ்சினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நிலாம் வாசிக்கக் கேட்டுவிட்டு, "அண்ணே, இதப் படிச்சிட்டு ஆராவது கழட்டப் போனா நீங்கதான் பொறுப்பு" என்றான். எடுத்துவிட்டேன்.

4.

இப்போது ஜெனிஸ்டனைக் கொண்டுவர வேண்டும்.

வாகனத்தை ஓட்டினது அவன்தான். தங்கையாவுக்கு முதுகில் நோ, தூரம் ஓட்ட ஏலாது. மேனகாவுக்கு ஒரே தம்பி. பழைய வாகனத்திலும் ஓட்டினவன். சம்பளக்காரன் மாதிரி இல்லை, வீட்டு ஆள். ஓட்டம் முடிந்து வந்து அக்காவின் குசினியிலேயே சாப்பிட்டுவிட்டு, தங்கையாவோடு கிரிக்கெட் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். தங்கையாவை அத்தான் என்று கூப்பிடுவான், மரியாதையாகத்தான், ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது மரியாதை கொஞ்சம் குறையும்.

வைத்தியம் எல்லாம் முடிந்த பிறகு தங்கையாவின் மனம் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. வாகனம் குடிக்கவில்லை என்றால் ஆர் குடிக்கிறது?

அந்தக் கிழமையில்தான் ஜெனிஸ்டனைச் சிலாபத்துக்கு இங்கால் பொலிஸ் மறித்தது, வேகம் கூட என்று. வந்து சொன்னான்: "மீற்றர் அறுபத்தஞ்சுக்கு மேல போகல்ல அத்தான். அவங்கட மிசின்லதான் பிழை."  பொலிஸ்காரனின் மிசின் பொய் சொல்லாது, ஆகவே மச்சான் பொய் சொல்கிறான் என்று தங்கையா எடுத்துக்கொண்டான். வேகத்தில் ஒரு பொய் சொல்கிறவன் டீசலில் எத்தனை சொல்லமாட்டான்?

நானும் முதலில் ஜெனிஸ்டனைக் கள்ளனாகத்தான் எழுதினேன். இதோ:

"மாதம்பைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பு ஓரமாக வாகனத்தை நிற்பாட்டினான் ஜெனிஸ்டன். ஆசனத்துக்கு அடியிலிருந்து ரப்பர்க் குழாயை எடுத்தான். ஒரு நுனியை டாங்கிக்குள் விட்டு மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சினான். டீசல் நாக்கில் பட்டதும் காறித் துப்பிவிட்டு, குழாயைக் கேனுக்குள்"

நல்லாகத்தான் வந்தது. வாசிக்கிற ஆளின் வாயிலும் டீசல் கைக்கும். ஆனால் இதை ஒருவரும் காணவில்லை. தங்கையா காணவில்லை, மேனகா காணவில்லை, நான் காணவே இல்லை. அந்தக் குழாயை ஆசனத்துக்கு அடியில் வைத்தது நான். கிழித்துப்போட்டேன். ஆனால் ஒன்று விளங்கியது. காணாத ஒன்றை எனக்கே இவ்வளவு வடிவாக எழுத வந்தது என்றால், தங்கையாவுக்கும் படுக்கையில் கிடந்து முகட்டைப் பார்க்கும்போது இதே படம்தான் ஓடியிருக்கும். அவனுக்கு அதைக் கிழித்துப்போடத் தெரியவில்லை.

5.

கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். மச்சானை ஒருக்காக் கூப்பிட்டு, "டேய், டீசல் எங்க போகுது?" என்று கேட்டால் முடிந்ததே.

நீங்கள் ஆரும் பெண்சாதியின் தம்பியை அப்படிக் கேட்டதுண்டா? அப்படிக் கேட்டால் அது ஒரு ஆளோடு நிற்காது. மாமியாருக்குப் போகும், மாமியாரின் சகோதரிக்குப் போகும், அடுத்த கலியாணத்தில் உங்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் எங்கள் ஆட்கள் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேறு விதமாகச் சொல்வார்கள்.

தங்கையா சாவி போட்டுப் பூட்டுகிற டாங்கி மூடி ஒன்று வாங்கினான்.

வாங்கிப் பூட்டி, சாவியைத் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். கற்பிட்டி போய்வர ஒரு டாங்கி தாராளம். வழியில் திறக்கத் தேவையே இல்லை. ஒழுங்கையில் டீசல் களவு கூடிப்போச்சு, அதுதான் பூட்டினனான் என்று என்னிடம் சொன்னான். நானும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறேன். ஒரு களவும் நடக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் மேனகாவின் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை, வீட்டில் விருந்து. ஆம்பிளைகள் கதிரை போட்டு இருந்து வாகனக் கதை கதைத்திருக்கிறார்கள். தங்கையா சொல்லியிருக்கிறான்: "மூடிக்குப் பூட்டுப் போட்டிட்டன். இனிப் பாப்பம், டீசல் எங்க போகுதெண்டு." ஜெனிஸ்டன் நாலு அடி தள்ளி நின்று ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். கரண்டி நின்றதாம், பிறகு போட்டானாம். இது மேனகா சொன்னது. தங்கையாவைக் கேட்டேன். அவன் அந்த நேரம் தண்ணி குடித்துக்கொண்டிருந்தானாம், கவனிக்கவில்லையாம்.

ஜெனிஸ்டன் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த ஓட்டம் போனான், வந்தான், பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். பிறகு மேலே வந்து வாகனச் சாவியை மேசையில் வைத்தான்.

"மற்றச் சாவியோட இதையும் வைச்சிருங்க அத்தான்."

அவ்வளவுதான். சாப்பிடாமல் போய்விட்டான். இப்போது ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்டில் வேலை. அக்கா வீட்டுப் பக்கமே வருகிறதில்லை.

* அந்தக் கடைசி ஓட்டத்துக்கும் தங்கையா கணக்குப் பார்த்தான். பூட்டுப் போட்ட டாங்கி, சாவி தன் இடுப்பில். அப்போதும் அதே ஒன்பதுதான். அதோடு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் தங்கையா என்ன நினைத்தான் தெரியுமா? டாங்கியின் அடியில் ஒரு திருகாணி இருக்கிறது, அதைக் கழற்றி எடுத்திருப்பான் என்று நினைத்தான். சந்தேகம் பிடித்தவனுக்குத் தொழில்நுட்பம் எல்லாம் தெரியும்.

6.

பிறகு தங்கையா தானே ஓட்டினான். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு.

முதல் ஓட்டம் போய்வந்து டாங்கி நிரப்பினபோது, பம்புக்காரனை விலத்தச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து கழுத்துக்குள் பார்த்தான். கணக்குப் போட்டான். ஒன்பது. திரும்பவும் போட்டான். கைத்தொலைபேசியில் போட்டதை நம்பாமல் வாயால் போட்டான்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். தங்கையா அந்த இடத்திலேயே தலையில் கைவைத்து இருந்தான் என்று ஒன்று. "கடவுளே, என்ன செய்துவிட்டேன்" என்று சொன்னான் என்று ஒன்று. இரண்டும் பொய். அவன் செய்தது என்னவென்றால், அடுத்த முறை வேறு செட்டில் டீசல் அடித்தான். இந்தச் செட்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினான். வேறு செட்டிலும் அதே ஒன்பது. அப்போது நிலாமிடம் போய், அந்த இன்ஜெக்டர்க்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சத்தம் போட்டான்.

மச்சான், பம்புக்காரன், இன்ஜெக்டர்க்காரன், காந்தக்காரன், எல்லாரையும் சந்தேகித்தாயிற்று. தன் முகத்துக்கு நேரே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீற்றரைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களின் புத்தி அப்படி. ரத்த உறவு பொய் சொல்லும் என்று நம்புவோம். ஜப்பான்காரன் செய்த முள்ளு பொய் சொல்லும் என்று நம்பமாட்டோம்.

ஒருநாள் சிலாபம் தாண்டித் தேத்தண்ணி குடிக்க நிற்பாட்டினான். கடைக்கு முன்னால் ஒரு கிலோமீற்றர்க் கல். புத்தளத்துக்கு எவ்வளவு தூரம் என்று அதில் இருந்தது. தங்கையாவுக்குச் செய்ய வேறு வேலை இல்லை, மீற்றரையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். கல் ஒன்று போகும், மீற்றர் இன்னும் வந்திருக்காது. அடுத்த கல், இன்னும் பின்தங்கும். ஒன்பது கல் தாண்டினபோது மீற்றர் எட்டுத்தான் காட்டியது. வீதிக்காரன் கல்லைப் பிழையாக நட்டுவிட்டான் என்று முதலில் நினைத்தானாம். இதை அவனே சொன்னான். இதில் மட்டும் அவன் தலை சீவவில்லை.

நிலாமிடம் வந்து சொன்னான். நிலாம் சிரிக்கவில்லை. ஒரு சைக்கிள் டயரையும் பிக்கப் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

"அண்ணே, மீட்டர் ரோட்ட எண்ணுற இல்ல. சக்கரம் சுத்துறத்தான் எண்ணுற. கொம்பனி போட்ட சின்ன டயருக்குத்தான் அந்தக் கணக்கு. இது பெரிசு. ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியா. நீங்க ஓடின தூரத்த அது குறைச்சுக் காட்டியீக்கி."

வேகமும் அப்படித்தானா என்று தங்கையா கேட்டான்.

"ஓ. முள்ளு அறுபத்தஞ்சக் காட்டக்குள்ள வாகனம் எழுபதத் தாண்டி ஓடும்."

ஆக மீற்றர் ஒன்பது என்றால் உண்மையில் பத்துக்கு மேல். மற்றது? அந்த டயரின் பாரமும் உயர்த்தின அடியும் முன்காப்பு இரும்பும் தின்றது. பழைய அளவு டயரைப் போட்டு, அடியை இறக்கி, இரும்பைக் கழற்றினால் பன்னிரண்டுக்குக் கிட்ட வரும் என்று நிலாம் சொன்னான். டயரும் மொட்டை. சிலாபத்துப் பொலிஸ் ஒருக்காத் தடவிப் பார்த்து எச்சரித்து விட்டிருந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

"சும்மா மனிசன சந்தேகப்பட்டீக்கிறீங்க" என்று நிலாம் கடைசியில் சொன்னான். தங்கையா தான் ஒருவரையும் சந்தேகப்படவில்லை என்றான்.

7.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். டயரை மாற்று, வாகனம் நல்லா ஓடும், போ.

யோசித்துப் பாருங்கள். ஜெனிஸ்டன் ஓட்டினபோது ஒன்பது. ஜெனிஸ்டன் போன பிறகு பன்னிரண்டு. இடையில் தங்கையா ஓட்டியும் ஒன்பதுதான் வந்தது என்று வெளி ஆட்களுக்குத் தெரியாது. விருந்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் அந்த இலக்கத்துக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் தொலைபேசி எடுக்கிற நேரமெல்லாம் சுகம் விசாரித்துவிட்டு, "வாகனம் எப்பிடி மகன், டீசல் குறைஞ்சிருக்கோ?" என்று கேட்கிறார். தன் பிள்ளை கள்ளனா இல்லையா என்று ஒரு தாய் அப்படித்தான் கேட்கலாம், வேறு விதமாகக் கேட்க ஏலாது. தங்கையா இன்றைக்குச் சின்ன டயர் போட்டால் நாளைக்கு ஜெனிஸ்டன் கள்ளன். ஒரு சாட்சியும் தேவையில்லை. டீசல் மிச்சமானதே சாட்சி.

பெரிய டயரையே திரும்பப் போட்டால்? இலக்கம் மாறாது. அப்போது தொழில் படுக்கும். அந்த வாகனத்தில் கருவாடு ஏற்றிக் கட்டுப்படியாகாது என்று அவனுக்கே தெரியும்.

எல்லாருக்கும் உண்மையைச் சொன்னால்? டயரில் பிழை, மச்சானில் இல்லை என்று சொன்னால், மச்சானில் பிழை என்று நீ எப்போது நினைத்தாய் என்று கேள்வி வரும். தங்கையாதான் மச்சானை வாயால் ஒன்றும் சொல்லவில்லையே.

இதை மேனகாவோடு கதைத்திருக்கிறான். அவள் சுவரில் சாய்ந்து இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம்.

"அவனிட்டப் போய் டயர் விசயத்தச் சொல்லட்டா?" என்று கேட்டிருக்கிறான்.

"என்னத்துக்கு? அவன் என்ன டயர்க்கடையா வைச்சிருக்கிறான்?"

"இல்ல, அவன் ஏதும் மனசுல வைச்சிருப்பான்..."

"என்னத்த வைக்கிறது? நீங்க அவன ஒண்டும் சொல்லல்லையே. ஒழுங்கையில கள்ளர் கூடிப்போச்செண்டுதானே மூடிக்குப் பூட்டுப் போட்டது. எனக்கும் அப்பிடித்தானே சொன்னீங்க." கீரைத்தண்டை முறித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "சொல்லாததுக்கு மன்னிப்புக் கேட்டா ஆக்கள் சிரிப்பாங்க."

இதை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. இந்தக் கதையில் நான் முழுதாக நம்புகிற ஒரே இடம் இதுதான்.

8.

இங்கே வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது, தங்கையா ஏன் படியேறி வந்தான் என்று.

கதை நல்ல கதை, வீணாகப் போகக்கூடாது என்று அவன் வரவில்லை. அவனுக்கு ஒரு பேப்பர் வேண்டும். பேரெல்லாம் மாற்றி, ஆனால் வாசிக்கிற வீட்டு ஆட்களுக்கு ஆர் ஆர் என்று விளங்குகிற மாதிரி. அதில் கடைசிப் பந்தியில் பிக்கப்காரன் மச்சானைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அந்தப் பேப்பரை ஆராவது ஒருவர் தற்செயலாகக் கொண்டுபோய் ஒருகொடவத்தையில் காட்டவேண்டும். பூட்டால் சொன்ன குற்றச்சாட்டுக்குப் பேப்பரால் மன்னிப்பு. இரண்டிலும் தங்கையாவின் வாய் திறக்காது.

கீழே போய் நேரே கேட்டேன். "ஜெனிஸ்டன் வாசிக்கிறதுக்குத்தானே எழுதச் சொன்னனீ?" அவன், "வாசிச்சா நல்லம்தானே" என்றான்.  நான் திரும்பிப் படியேறும்போது முடிவை மட்டும் நல்லாக எழுதச் சொன்னான்.

எழுதினேன். ஒன்று இல்லை, மூன்று எழுதினேன்.

முதலாவது முடிவு: தங்கையா மாமியார் வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்து மீற்றர்க் கதையைச் சொல்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், ஜெனிஸ்டனும் சிரித்து அத்தானின் தோளில் தட்டுகிறான். (சிரிக்கமாட்டார்கள். எனக்கு அந்த வீட்டு ஆட்களைத் தெரியும். சாப்பிட்டு முடியும் வரை பேசாமல் இருந்து, கை கழுவின பிறகுதான் தொடங்குவார்கள்.)

இரண்டாவது முடிவு: தங்கையா வாகனத்தை விற்றுவிடுகிறான். பெரிய டயரோடு, மொட்டையோடு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல். வாங்கினவன் ஒருநாள் தன் மச்சானை (இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. இது நடக்கக்கூடியது.)

மூன்றாவது முடிவு: ஜெனிஸ்டனே வருகிறான். யார்ட் வேலை சரிவரவில்லை. "அத்தான், திரும்ப ஓட்டட்டா?" என்று கேட்கிறான். தங்கையா சின்ன டயரைப் போட்டு, அவனிடமே சாவியைக் கொடுக்கிறான். ஜெனிஸ்டன் ஓட்ட ஓட்டவே பன்னிரண்டு வருகிறது. ஊர் வாயடைக்கிறது.

மூன்றாவது நல்லாகத்தான் இருக்கிறது. பத்திரிகைக்காரன் விரும்புவான், தங்கையா ஆகவும் விரும்புவான். ஆனால் அதில் ஜெனிஸ்டன்தான் வந்து கேட்கவேண்டியிருக்கிறது. சோறு போடுகிற கையோடு நின்று எல்லாருக்கும் முன்னால் கேட்ட சொல்லை விழுங்கினவன் அவன். திரும்பி வருகிற வேலையையும் அவன் தலையிலேயே கட்டுவதா? நான் கட்டமாட்டேன். ஜெனிஸ்டனிடம் நான் போகாததும் இதனால்தான். நான் போய் விசாரித்தால் அதையே தங்கையா தன் சார்பில் போனதாக எடுத்துக்கொள்வான்.

தங்கையாவைக் கூப்பிட்டு, முடிவு எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டான். படியில் கண்டால் இப்போது முகம் பார்க்கிறதில்லை. என்னையும் சந்தேகக் கணக்கில் போட்டுவிட்டான் போல.

9.

நடந்தது இவ்வளவுதான், மேனகா சொல்லக் கேட்டது.

கோபித்துக்கொண்ட அன்றே தங்கையா வாகனத்தை எடுத்துக்கொண்டு நிலாமின் கடைக்குப் போயிருக்கிறான். எந்த அளவு டயர் போட என்று நிலாம் கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஏறிவிட்டான். வீட்டுக்கு வரவில்லை. ஒருகொடவத்தைக்குத் திருப்பினான். யார்ட் வாசலுக்கு எதிரே, கொள்கலன் லொறிகள் வரிசையில் நிற்கிற இடத்தில், ஓரமாக நிற்பாட்டினான். பின்னால் வந்த லொறிக்காரன் சிங்களத்தில் ஏசிவிட்டு விலத்திக்கொண்டு போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். அங்கிருந்துதான் மேனகாவுக்குத் தொலைபேசி எடுத்தானாம். "வந்திட்டன், என்ன சொல்லுறது?" என்று கேட்டானாம். அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவள் எனக்குச் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை.

நீங்கள் எழுதுங்கள். ஜெனிஸ்டன் வெளியே வந்துவிட்டான், தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சோற்றுப் பார்சல். வாகனத்தைக் கண்டுவிட்டான். அந்த உயரத்தில் ஒரு பிக்கப்பை அவன் காணாமல் போக ஏலாது. வீதியைக் கடக்கவில்லை, அந்தப் பக்கமே நிற்கிறான். தங்கையா கண்ணாடியை இறக்கிவிட்டான்.

ஒரே ஒரு நிபந்தனை. தங்கையா சொல்லப்போகிற முதல் வசனத்தில் டயர், மீற்றர், டீசல் என்ற மூன்று சொல்லும் வரக்கூடாது. அவை வந்தால் மற்றதெல்லாம் கராஜ் கதை. அதற்கு நிலாம் போதும், நீங்கள் தேவையில்லை.

எஞ்சினை நிற்பாட்டாமல் இருக்கிறான். கெதியாக எழுதுங்கள்.